கோணல் கையும் கூட நின்றவர்களும்

(தலைப்பு: 'சாதனையாளரை உருவாக்குவது பெரிதும் சொந்தத் திறமையே! கூட நிற்கும் மனிதர்களே!' இடம்: திருப்பாலைவனம். 'கூட நிற்கும் மனிதர்களே' அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்திருக்கும் திறமைசாலிகளே! (அவங்க தலைப்பே அதுதானே, அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவாங்க.) எனக்குத் துணையாகப் பக்கத்தில் இருக்கும் என் அணியினரே! திருப்பாலைவனத்துப் பெரியோர்களே! பழவேற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டக் குப்பங்களிலிருந்தும் வலையை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, தாய்மார்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

இந்த ஊருக்குக் கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் கேட்டார், "எங்கே போறே?" என்று. "திருப்பாலைவனம்" என்றேன். "பாலைவனமா? அப்போ ரெண்டு பாட்டில் தண்ணியா எடுத்துக்கோ" என்றார். (சிரிப்பு) வந்து பார்த்தால் பக்கத்திலேயே ஏரி, ஏரிக்கு அந்தண்டை கடல்! இது பாலை மரங்கள் நிறைந்த வனம், அதனால்தான் பாலைவனம் என்று கோயில் வாசலில் ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். சரிதான், பேரை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று புரிந்துகொண்டேன். கையை மட்டும் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது, நடுவர் அவர்களே. எந்தக் கை என்று கேட்கிறீர்களா? இதோ வருகிறேன்.

எதிரணியில் பேசிய பேராசிரியர் ஐயா ஒரே ஒரு பேரைச் சொல்லிவிட்டு, இதோடு வழக்கு முடிந்தது என்பது போல உட்கார்ந்துவிட்டார். "முத்தையா முரளிதரன்! டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்! அவருக்கு யாரம்மா விக்கெட் எடுத்துக் கொடுத்தது? கூட நின்றவனா பந்து போட்டான்?" என்று கேட்டார். கேட்கும்போது அவரும் முரளி மாதிரி கையைச் சுழற்றினார். மைக் சாய்ந்துவிட்டது. (சிரிப்பு)

நடுவர்: மைக்கைப் பிடிச்சு நிறுத்தினது நான். அதையும் உங்க அணி கணக்கில் சேர்த்துக்கோங்க.

சேர்த்துக்கொண்டேன் ஐயா! (சிரிப்பு, கைதட்டல்) நான் ஒரு முழுத்தாள் நிறைய உதாரணம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். பேராசிரியர் ஐயா, உங்க ஆளையே நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மனிதரைவிட எங்கள் அணிக்குப் பெரிய சாட்சி கிடையாது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 133 டெஸ்ட் ஆட்டம், 800 விக்கெட். ஒருநாள் ஆட்டங்களில் 534. ஷேன் வார்ன் 708 எடுத்தார், அவர் பெரிய மேதை. நம்ம ஊர் அஸ்வின், 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்போது 537. அதுவே மலை. அதற்கு மேலே இன்னும் 263 ஏறினால்தான் முரளி உட்கார்ந்திருக்கும் இடம். திறமை இல்லை என்று நான் சொன்னால் இந்த மேடையிலிருந்து என்னை இறக்கிவிடலாம். திறமை இருக்கிறது. கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு நாள் வாயே இல்லாமல் போனது. அந்த நாளில் என்ன நடந்தது என்பதுதான் என் பேச்சு.

1972 ஏப்ரல் 17, கண்டியில் பிறந்தார். தாத்தா தென்னிந்தியாவிலிருந்து 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர். பிற்காலத்தில் தாத்தா திரும்பி வந்து திருச்சியில் வாழ்ந்தார். மகன்கள் அங்கேயே தங்கினார்கள். அந்த மகன்களில் ஒருவர் முத்தையா, பிஸ்கட் தொழில் செய்தவர். நாலு பிள்ளைகள், மூத்தவர் நம்ம முரளி. வீட்டிலேயே பிஸ்கட் தொழிற்சாலை! எங்க வீட்டில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினால் டீ கொதிப்பதற்குள் காலி. (சிரிப்பு)

அந்த வீட்டுக்கு 1977இல் கலவரம் வந்தது. முரளிக்கு அப்போது ஐந்து வயது. தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள், அப்பாவுக்கு வெட்டு விழுந்தது. கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியது யார் தெரியுமா? அவர்களுடைய சிங்கள நண்பர்கள். அவர்கள் வந்து குறுக்கே நின்றதால்தான் பிழைத்தோம் என்று முரளியே சொல்லியிருக்கிறார். பேராசிரியர் ஐயா, ஐந்து வயசுப் பிள்ளையிடம் அப்போது ஆஃப் ஸ்பின் இருந்ததா, தூஸ்ரா இருந்ததா? அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்கள் நிற்கவில்லை என்றால் உங்கள் 800இல் முதல் விக்கெட்டே கிடையாது! (கைதட்டல்)

அப்புறம் கண்டி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. பையன் முதலில் மிதவேகப் பந்துதான் போட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ பார்த்தார். "தம்பி, உனக்கு இது சரிப்படாது, சுழல் பந்து போட்டுப் பார்" என்று திருப்பிவிட்டார். அப்போது வயது பதினாலு. வாத்தியார்கள் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார்கள், ஒருத்தனைத் திருப்பிவிட்டால் போதும்! 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அந்த ஆட்டத்தில் மூன்று விக்கெட் எடுத்து, 141 ரன் கொடுத்தார். யாரும் திருஷ்டி சுற்றிப் போடுகிற கணக்கு இல்லை அது.

இப்போது கைக்கு வருகிறேன். கிரிக்கெட் பார்க்காத தாய்மார்கள், முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டிக்காகவும் சொல்கிறேன். கிரிக்கெட்டில் பந்தை வீசலாம், எறியக் கூடாது. கையைச் சுழற்றிக் கொண்டுவரும்போது முழங்கை மடங்கியிருந்து, பந்தை விடுகிற நேரத்தில் வெடுக்கென்று நீண்டால் அது எறிதல். மாங்காய்க்குக் கல்லெறிவோமே, அது! அப்படி எறிந்தால் நடுவர் 'நோ-பால்' என்று கை நீட்டிவிடுவார். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. அங்கே மாங்காய்க்கு எறிகிற எறிக்குத்தான் கோடிக்கணக்கில் சம்பளம்! 2008இல் நம்ம நாட்டிலிருந்தே ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்று ஈட்டி எறிகிற இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அணி ஒப்பந்தம் போட்டது. அங்கே சம்பளம், இங்கே குற்றம். மனிதன் போட்ட கோடு அவ்வளவுதான்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே கோணல். முழுசாக நீட்டவே வராது. நீட்டி வைத்தாலும் மடங்கிய மாதிரிதான் தெரியும். அதோடு மணிக்கட்டு பாருங்கள், இந்த ஊர் அண்ணன்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீச்சு வலை வீசுகிறபோது தோளில் பாதி, மணிக்கட்டில் பாதி இருக்கிறது. கடைசி நொடியில் மணிக்கட்டு ஒரு சுற்றுச் சுற்றினால்தான் வலை வட்டமாக விரிந்து விழும். இல்லையென்றால் கோணிப்பை மாதிரி பொத்தென்று விழும். காலையில் ஒரு அண்ணன் வீசினார், பூ விரிந்த மாதிரி விழுந்தது. என்னிடமும் கொடுத்தார். நான் வீசினேன். வலையோடு நானும் போயிருப்பேன்! (சிரிப்பு)

நடுவர்: மீன் பிழைச்சுது!

மீனும் பிழைத்தது, எங்க வீட்டுக்காரர் மட்டும் ஏமாந்துபோனார். (பலத்த சிரிப்பு)

1995 டிசம்பர் 26. மெல்பர்ன் மைதானம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அந்த ஊருக்கே திருவிழா. ஐம்பத்தைந்தாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முரளிக்கு 23 வயசு. பந்து வீசுகிறார். ஆஸ்திரேலிய நடுவர் டாரல் ஹேர் கையை நீட்டுகிறார், நோ-பால். காலைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டோமோ என்று முரளி குனிந்து பார்க்கலாம். காலில் தப்பில்லை, கையில் தப்பு என்கிறார் நடுவர்! மறுபடி நோ-பால். மறுபடி. மூன்று ஓவரில் ஏழு தடவை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏழு தடவை 'நீ திருடன், நீ திருடன்' என்று சொன்ன மாதிரி.

இங்கேதான் எதிரணியை நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த நேரத்தில் திறமை என்ன செய்யும்? இன்னும் நன்றாகப் பந்து போட்டால் என்ன ஆகும்? இன்னும் நல்ல நோ-பால் ஆகும்! பந்து ஒரு முழம் திரும்பினால் ஒரு முழம் திரும்பிய நோ-பால். ஸ்டம்பைத் தெறிக்கவிட்டாலும் நோ-பால். 'நீ செய்வதே தப்பு' என்று சொல்லிவிட்டால், அதைத் திறமையாகச் செய்யச் செய்யத் தப்புத்தானே பெரிதாகிறது? (கைதட்டல்)

அப்போது ஒரு ஆள் நடந்து வந்தார். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, ஓடி ரன் எடுப்பதென்றால் அவ்வளவு இஷ்டம் இல்லாதவர், கேப்டன். பேர் அர்ஜுன ரணதுங்க. பேரைப் பாருங்கள் ஐயா, அர்ஜுனன்! ஆனால் அன்றைக்குப் பார்த்தது கண்ணன் வேலை. (கைதட்டல்) வெளியே போய் அணி நிர்வாகத்தோடு பேசிவிட்டு வந்தார். 'உன்னால் எனக்குத் தலைவலி, போய் உட்கார்' என்று சொல்லியிருக்கலாம். பந்தைப் பிடுங்கி வேறொருத்தர் கையில் கொடுத்திருந்தால் அன்றோடு பிரச்சனை தீர்ந்தது. அவர் என்ன செய்தார்? முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அந்த முனையில் நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் நிற்கிறார். அதே கை, அதே முழங்கை, அதே பந்து. ஸ்டீவ் டன் நோ-பால் சொல்லவில்லை. இருபத்திரண்டு கஜத்துக்கு அந்தப் பக்கம் குற்றவாளி, இந்தப் பக்கம் பந்து வீச்சாளர்!

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ஒருநாள் ஆட்டம். வேறொரு நடுவர், ராஸ் எமர்சன், அவரும் நோ-பால் சொன்னார். எறிவதற்கே வழியில்லாத லெக் பிரேக்கைப் போட்டுப் பார்த்தார் முரளி. அதுவும் நோ-பால். இந்தப் பையன் கதை முடிந்தது என்று எழுதினவர்கள் எழுதினார்கள். இரண்டே மாதம். 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே அதே ஆஸ்திரேலியா. ரணதுங்க முரளியிடம் பந்தைக் கொடுத்தார். பத்து ஓவர், 31 ரன், ஒரு விக்கெட். யார் விக்கெட்? ஷேன் வார்ன்! கோப்பையும் வந்தது. அந்த இரண்டு மாத இடைவெளியில் இந்தப் பையனை ஒதுக்கி வைக்க எவ்வளவு நியாயமான காரணம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு உலகக் கோப்பை, அதைப் பணயம் வைக்கலாமா என்று யார் கேட்டாலும் ஒத்துக்கொண்டிருப்போம். நானாக இருந்தால் ஒதுக்கித்தான் இருப்பேன். அதனால்தான் நான் கேப்டனாக இல்லை.

நடுவர்: வீட்டில் யார் கேப்டன்?

அதைச் சொன்னால் வீட்டுக்குப் போக முடியாது ஐயா. (சிரிப்பு)

மூன்று வருஷம் போனது. நடுவில் 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டிவிட்டார். 1999 ஜனவரி, அடிலெய்டு. இங்கிலாந்தோடு ஆட்டம். மறுபடி அதே எமர்சன், மறுபடி நோ-பால். இந்தத் தடவை ரணதுங்க விரலை நீட்டிப் பேசினார். அணியையே அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் போய்விட்டார். ஆட்டம் நின்றது. ஒரு கேப்டன் நடுவரை அப்படி எதிர்க்கலாமா? கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு என் மகன் பள்ளிக்கூட ஆட்டத்தில் அப்படிச் செய்தால் நான் காதைத் திருகுவேன். ரணதுங்கவுக்கும் தண்டனை கிடைத்தது. அவர் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு 300க்கு மேல் ரன் துரத்தி ஒரே ஒரு விக்கெட் மிச்சத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்தது இருக்கட்டும். தண்டனை தனக்கு என்று தெரிந்தும் ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் கோடு வரைக்கும் நடந்தாரே, அந்த நடைதான் எனக்குப் பெரிது.

ஆஸ்திரேலியா என்றாலே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கையைப் படம் பிடித்து, கோணம் கோணமாக அளந்து சோதித்தவர்கள் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஹாங்காங்கிலும் சோதித்தார்கள். கண்ணுக்கு எறிவது போலத் தெரிகிறது, அது தோற்றமயக்கம் என்று 1996இல் அறிக்கை கொடுத்தார்கள். இலங்கைக்குப் பயிற்சியாளராக இருந்த புரூஸ் யார்ட்லி, அவரும் ஆஸ்திரேலியர்தான், முரளிக்காகப் பேசினார். 2004இல் 'தூஸ்ரா' என்ற பந்து மேல் மறுபடி புகார். அப்போது முரளி முழங்கையை அசைக்கவே முடியாதபடி கெட்டியான பட்டை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் அதே பந்துகளைப் போட்டுக் காட்டினார். அந்த வருஷமே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் எல்லாருடைய கையையும் அளந்து பார்த்தது. பார்த்தால், பெரிய பெரிய வேகப் பந்து மன்னர்கள் கையும் கொஞ்சம் மடங்கி நீளுகிறது! வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முன்பு சுழல் பந்துக்காரருக்கு 5 டிகிரி, வேகப் பந்துக்காரருக்கு 10 டிகிரி என்று இருந்ததை 2005 மார்ச் முதல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று மாற்றினார்கள். 'அந்த ஆளுக்காகச் சட்டத்தையே வளைத்தார்கள்' என்று இன்றும் சொல்வார்கள். ஐயா, ஒருத்தர் கையைச் சந்தேகப்பட்டதால் எல்லார் கையையும் அளந்தார்கள். அளந்த பிறகு எல்லார் கையும் ஒரே ஜாதி என்று தெரிந்தது. (நீண்ட கைதட்டல்)

பேஸ்பால் என்றேனே, அந்த ஆட்டத்தில் இன்னொரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணிகளில் பல பத்தாண்டுகள் கறுப்பர்களைச் சேர்க்கவே மாட்டார்கள். 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஜாக்கி ராபின்சன் இறங்கினார். அவரைத் துணிந்து சேர்த்தவர் பிரான்ச் ரிக்கி என்ற வெள்ளைக்கார நிர்வாகி. ஊர் ஊராக வசை, மிரட்டல் கடிதம். ஒருநாள் அப்படி வசை மழை பொழிந்தபோது அதே அணியின் வெள்ளைக்கார வீரர் பீ வீ ரீஸ் நடந்து வந்து ராபின்சன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார் என்பார்கள். எந்த ஊரில், எந்த நாளில் என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அந்தக் காட்சியை 2005இல் நியூயார்க்கில், கடற்கரையோரம், சிலையாகவே வைத்துவிட்டார்கள். ராபின்சன் போட்ட 42ஆம் எண் சட்டையை எந்த அணியும் இனி யாருக்கும் தருவதில்லை என்று 1997இல் முடிவு செய்தார்கள். அடித்த ரன்னைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டு, தோளில் போட்ட கையைச் சிலையாக வைத்தார்கள் பாருங்கள்!

(மணி அடிக்கப்படுகிறது.)

முதல் மணிதானே ஐயா? கொஞ்சம் பொறுங்கள். எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள், அதைத் தாண்டிப் போனால் நான் கோழை. "கூட நின்றார்கள், கூட நின்றார்கள் என்கிறாயே, அவர் யாரோடு நின்றார்? தமிழர்களோடு நின்றாரா?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் சிலர் கை தட்டினீர்கள். நான் அதைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது.

அந்தத் தீவில் போர் 2009இல் முடிந்தது. அதில் எத்தனை வீடு இருண்டது என்று நமக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் சொன்ன சில வார்த்தைகள் இங்கே பலருக்கு முள்ளாகத் தைத்தது. நான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவர் விளக்கம் கொடுத்தார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் ஏற்கவில்லை. 2020இல் அவர் வாழ்க்கையை '800' என்று படமாக எடுக்க, விஜய் சேதுபதி நடிக்கிறார் என்றதும் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது முரளியே, என்னால் இந்த நடிகருக்குச் சங்கடம் வேண்டாம், விலகிக்கொள்ளட்டும் என்று அறிக்கை விட்டார். விஜய் சேதுபதி விலகினார். 2023இல் வேறொரு நடிகரை வைத்துப் படம் வந்தது. கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பறிகொடுத்தவர்களின் வலி, பட்டிமன்றத்தில் மதிப்பெண் போடுகிற விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஒன்றுமே இல்லை' என்று பதில் சொன்னால் அது பொய். அந்த அளவுக்குச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 26 என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? மெல்பர்னில் அவமானப்பட்ட நாள். ஒன்பது வருஷம் கழித்து இன்னொரு டிசம்பர் 26 வந்தது. 2004, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தத் தேதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். (அமைதி) இந்தக் கரைக்கும் அலை வந்தது. அன்றைக்குக் காலையில் இலங்கையின் தென் கரையில் சீனிகம என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க முரளி வர வேண்டும். இருபது நிமிஷம் தாமதம். அந்த இருபது நிமிஷத்தில் கடல் அந்த ஊருக்குள் வந்துவிட்டது. நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் 800 இல்லை, ஒன்றுமே இல்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். லாரி லாரியாக உணவுப் பொருள் ஏற்றி அனுப்பினார், கூடவும் போனார். நண்பர் குசில் குணசேகரவோடு சேர்ந்து நடத்திய 'ஃபவுண்டேஷன் ஆஃப் குட்னஸ்' அறக்கட்டளை மூலம் உலகம் முழுக்கக் கை நீட்டிப் பணம் திரட்டினார். ஆயிரத்துக்கு மேல் வீடுகள் எழும்பின. போர் முடிந்தபின் 2012 முதல் வடக்கே தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட 'முரளி ஹார்மனி கோப்பை' என்று பள்ளி ஆட்டங்கள் நடந்தன. இதெல்லாம் போதுமா, போதாதா? நீங்கள் முடிவு செய்யுங்கள். தன் வாசலில் ஒருவர் வந்து நின்ற கடனை அவர் எங்கேயோ ஒரு வாசலில் போய்க் கட்டப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, கோபமாக இருக்கிற அண்ணன்மார்களுக்கு: 2005இல் அவர் கட்டியது சென்னைப் பெண்ணை. 2010இல் சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பை ஜெயித்தபோது அணியில் இருந்தார். மாப்பிள்ளை மேல் கோபம் இருக்கலாம், உறவு அறுந்துவிடுமா? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ளே 800க்கு வந்துடுங்கம்மா.

வந்துவிட்டேன் ஐயா. 2010 ஜூலை, காலி மைதானம், எதிரே நம்ம இந்தியா. முரளி முன்கூட்டியே அறிவித்துவிட்டார், இதுதான் என் கடைசி டெஸ்ட். கையில் இருப்பது 792. இன்னும் எட்டு வேண்டும். யாராவது இப்படிச் செய்வார்களா? நாமாக இருந்தால் 800 எடுத்த மறுநாள் ஓய்வு என்று அறிவிப்போம். முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு. 799. கடைசி ஜோடி நிற்கிறது, இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும். அவசரப்படுவார்களா, மாட்டார்கள்! மறுமுனையில் மலிங்கா ஓடி வரும்போதெல்லாம் மைதானத்துக்கே நெஞ்சு அடைக்கிறது. இவர் எடுத்துவிட்டால் என்ன செய்வது? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எங்க ஆளு விக்கெட் எடுக்கக் கூடாதே என்று ஒரு நாடே வேண்டிக்கொண்டது! (சிரிப்பு) ஜூலை 22ஆம் தேதி. முரளி போட்டார். ஓஜா மட்டையின் விளிம்பு. பந்து ஸ்லிப்புக்குப் பறந்தது.

பேராசிரியர் ஐயா, இப்போது சொல்லுங்கள். அந்தப் பந்து விளிம்பில் பட்டவரைக்கும் முரளி. அதற்கப்புறம்? அங்கே ஒருவர் குனிந்து நின்றார். மகேல ஜெயவர்த்தன. பிடித்தார். 800! முரளி போட்டு ஜெயவர்த்தன பிடித்தது மட்டும் டெஸ்டில் 77 தடவை. எழுபத்தேழு விக்கெட்டுக்குக் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் பெயர் சேர்ந்து எழுதியிருக்கிறது ஐயா! நீங்கள் ஒரு பெயரை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். (பலத்த கைதட்டல்)

இந்த ஊரில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்கார மீனவராக இருந்தாலும் தன் பாடு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். வந்தால் அந்த இடம் அவருடையது, யாரும் தடுக்க முடியாது. முரளிக்கு அவருடைய பாட்டை வாங்கிக் கொடுத்தவர்கள் ரணதுங்கவும் அந்த வாத்தியாரும் அந்த வாசலில் நின்ற அண்டை வீட்டாரும். மீனைப் பிடித்தது அவர் கை. அந்தப் பெருமையை நான் தொடவில்லை.

(இரண்டாவது மணி.)

ஒரே நிமிஷம். சாயங்காலம் ஆட்டோவில் வரும்போது ஏரிக்கரைப் பக்கம் சில பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். உடைந்த தோணிப் பலகையில் மட்டை, தெர்மோகோல் பெட்டி ஸ்டம்பு. ஒரு சின்னப் பையன், எண்ணெய் காணாத தலை, பந்தைப் போட்டான். உடனே நாலு பேர் கத்தினார்கள், "டேய், எறியிறான்டா, எறியிறான்டா!" பையன் முகம் சுண்டிப்போய்ப் பந்தைக் கீழே போடப் போனான். மட்டை பிடித்திருந்த பெரிய பையன், விக்கெட்டு முன்னால் நின்றபடியே சொன்னான், "ஏய், நான்தானே ஆடுறேன், எனக்கே ஒண்ணும் இல்லே. நீ போடுடா." சின்னவன் திரும்பி ஓடி வரத் தொடங்கினான். அதற்குள் எங்கள் ஆட்டோ கிளம்பிவிட்டது. அவுட்டா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.



(நீண்ட கைதட்டல்)